சைவ மேசையில் ஒரு ஜெல்லித் தட்டு

“முதல்ல அந்தத் தட்டை எடுங்க!”

பள்ளிக்கூட உணவுத் திருவிழாவில் சைவ மேசைக்குப் பொறுப்பு இங்கிலீஷ் டீச்சர் பானுமதி. முட்டை போட்ட கேக்கைக்கூடக் கிட்டே அண்ட விடாதவர்.

எதிரே மெஹ்ஜபீன், அங்கே படிக்கும் ஹீனாவின் அம்மா. டி.பார்ம் படித்துவிட்டு பாப்பாரப்பட்டி கடைவீதியில் ஒரு மெடிக்கலில் வேலை. தட்டு நிறைய ரோஸ் கலரில் ஜெல்லி.

“ஏங்க மிஸ்?”

“ஜெல்லின்னாலே எலும்பைக் காய்ச்சி எடுக்கற ஜெலட்டின்தான். பேரே அதுலருந்துதான் வந்துச்சு.”

“உறையறதுன்னுதாங்க அந்தப் பேருக்கு அர்த்தம். டிப்பர்ல போற கருங்கல்லையும்தான் நாம ஜெல்லிங்கறோம். அதுவும் எலும்புங்களா?”

யாரோ களுக்கென்று சிரித்துத் தொலைத்தார்கள். டீச்சருக்குச் சுருக்கென்றது.

“இது கடல்பாசிங்க மிஸ். நோன்புக்கு எங்க வூட்ல காய்ச்சறது. எப்படி அறுத்ததுன்னு தெரியாத எலும்பு எங்களுக்கும் ஆகாதுங்க.”

“நீங்க சொன்னா நான் நம்பிடணுமா?”

ஹீனா துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். “போயிடலாம்மா.”

“எதுக்குடி போகணும்?” மெஹ்ஜபீன் தட்டை மேசையின் நடுவுக்கே தள்ளி வைத்தாள். “எடுக்க மாட்டேங்க. பிடிக்கலன்னா சாப்பிடாதீங்க. ஆனா எம்மவ முன்னாடி என்னைப் பொய்க்காரின்னு சொல்லாதீங்க.”

“அடேங்கப்பா, என்னா திமிரு!” என்றது கூட்டம்.

“ஒருத்தர் சைவம்னா அதை மதிக்கத் தெரியணும். இவங்களுக்கெல்லாம் அது எங்க புரியப் போவுது?” என்றார் டீச்சர்.

கூட்டத்தில் நின்ற, மெஹ்ஜபீன் வேலை செய்யும் மெடிக்கலின் ஓனர் சந்திரமோகனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“டீச்சர், மூட்டு வலிக்கு நம்ம கடையில கேப்ஸ்யூல் வாங்கறீங்களே, அது மேல் கூடு எதுல செய்யறாங்க தெரியுங்களா?”

“எதுல?”

“பெரும்பாலும் ஜெலட்டின்லதாங்க.”

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. “ஐயய்யோ! ரெண்டு வருஷமா அதையா முழுங்கறேன்?”

“அண்ணா, வேண்டாங்க, விடுங்க,” என்றாள் மெஹ்ஜபீன்.

“நீ சும்மா இரும்மா!” சந்திரமோகன் டீச்சர் பக்கம் திரும்பினார். “நீங்க முழுங்கறது அது இல்லைங்க. செடியிலருந்து செஞ்ச கூடு. நம்மூருக்கு அது வர்றதே இல்ல. உங்க ஒருத்தருக்காக மாசாமாசம் சேலத்துக்குப் போன் போட்டு வரவழைக்குது இந்தப் பொண்ணு. கேட்டா, ‘டீச்சர் சைவங்கண்ணா, தெரியாமக்கூட அது அவங்க வாயில படக்கூடாது’ங்குது!”