கொம்பின் அடி

ஜமீனின் மானமே ராஜகம்பீர பூபதி ஒரே குண்டில் சாய்த்த மானால்தான் நிலைத்தது. அப்படி அவரே சொல்லிவந்தார். அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், மகன் சிற்றம்பலம் கூடத்துப் பலகையிலிருந்து அந்த மான்கொம்பைக் கழற்றி, அப்பாவின் கைத்தடிக்குப் பிடி செய்யக் கொண்டுபோனார். கடைசல்காரர் கொம்பின் அடியைத் தடவிப் பார்த்தார். "சுட்ட மானா இருந்தா மண்டையெலும்பு ஒட்டியிருக்கும், ஐயா. அடி உருண்டிருக்கு பாருங்க. இது மானே உதிர்த்தது. யாரோ பொறுக்கிட்டு வந்திருக்காங்க." பன்னிரண்டு வயதில் ஒரு மானைக் குறிபார்த்தபோது சிற்றம்பலம் அழுதுவிட்டார். அன்றிலிருந்து அப்பா, "புலிக்குப் பூனை பிறந்திருக்கு" என்றுதான் அவரை விருந்தாளிகளுக்குக் காட்டுவார். "பிடி போடவா, வேண்டாமாய்யா?" என்றார் கடைசல்காரர். சிற்றம்பலம் கொம்பின் அடியையே தடவிக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயதிலும், வீட்டுக்கு யாராவது வந்தால் அவர் கொல்லைப்புறம் போய் நின்றுகொள்வார்.