ஆலயத்தில் பாடிய சட்டை

அந்தச் சாரைப்பாம்பு ஒரு ஞாயிறுகூட ஆலயத்துக்குப் போகத் தவறியதில்லை. ஒருமுறை புதரில் சட்டையை உரித்துவிட்டுக் கண்ணயர்ந்துபோய்த் தாமதமாக விரைந்தது. வாசலை நெருங்கும்போதே, உள்ளே தன் குரல் பாடுவது கேட்டது.

எட்டிப் பார்த்தது. முன்வரிசையில், அதன் வழக்கமான இடத்தில், உரித்துப் போட்ட சட்டை நிமிர்ந்து நின்று பாடிக்கொண்டிருந்தது. கண்ணிருந்த இடத்தில் வெறும் வெளிச்சம் தெரிந்தது.

"அது நானில்லை! நான் இங்கே இருக்கேன்!" என்று பாம்பு கத்தியது.

வாசலில் நின்ற ஆமை, "நீங்க யாரு? உங்களை இங்கே பார்த்ததே இல்லையே," என்றது.

சட்டை மெல்லத் திரும்பியது. "இத்தனை வருஷமா இங்கே வந்தது நான் மட்டும்தானே?"

பாம்பும் பாட வாயெடுத்தது. பாட்டு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "ஆண்டவரே, வந்திருக்கேன்," என்று படியிலேயே முனகியது.

பிந்தி வந்த தவளை ஒன்று அதன் வாயருகே குதித்தது. பாம்பு ஒதுங்கி வழிவிட்டது.