உள்ளறைக் குழந்தை

பெரியவரின் இளைய மகளைப் பெண் கேட்டு வந்தவர்களோடு பேச்சு கனிந்து வந்த நேரத்தில், உள்ளறையில் ஏதோ சுவரில் மோதிச் சில்லு சில்லாக உடைந்தது.

“கோபம் வருதா? வரட்டும். மெதுவா மூச்சை விடுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்,” என்று மருமகளின் குரல் கேட்டது.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பேத்திதான்,” என்றார் பெரியவர், முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டு. “மருமக மூளை அறிவியல்னு ஏதோ வகுப்புக்குப் போயிட்டு வர்றா. கோபம் வந்தா குழந்தைக்கு யோசிக்கிற மூளை வேலை செய்யாதாம். அதட்டக் கூடாதாம், பக்கத்துல உட்கார்ந்து கொஞ்சணுமாம்!”

“அதுக்காகக் குழந்தைகிட்டப் போய் ‘விடுங்க’ன்னா பேசுவாங்க?” என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

பெரியவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“அந்த மரியாதையும் வகுப்புல சொல்லிக் கொடுத்ததுதாம்மா. கேலிக்கூத்து! என் மகனை நான் மூளையைத் தடவிப் பார்த்தா வளர்த்தேன்? ஒரு முறை முறைச்சாப் போதும், பய மூச்சு விட மாட்டான்.”

மாப்பிள்ளையின் தந்தைக்கு மனம் குளிர்ந்துவிட்டது. “வளர்ப்புன்னா அதுதாங்க சம்பந்தி! கட்டுப்பாடான குடும்பமா இருக்கணும்னுதான் நாங்களும் தேடிட்டு இருந்தோம்.”

‘சம்பந்தி’ என்ற சொல்லைக் கேட்டுப் பெரியவர் மீசையை நீவிக்கொண்டார்.

அப்போது நீச்சல் வகுப்பு முடிந்து, ஈரத் தலையோடு வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு பேத்தி உள்ளே வந்தாள். மூடியிருந்த உள்ளறைக் கதவைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:

“தாத்தா, அப்பா இன்னிக்கு எதை உடைச்சாரு?”