பிள்ளைகளுக்கு ஏற்ற கப்பல்

திண்டிவனம் டிராவல்ஸ் கடையில் கோதண்டபாணி மூன்று கப்பல்களின் படங்களை மேசையில் பரப்பினார். எதிரே முகையூர் கலையரசி, இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கப்பல்ல பசங்களுக்குன்னே நீச்சல் குளம், சறுக்குமரம் எல்லாம் இருக்குதும்மா. உங்க ரெண்டு பொண்ணுங்களும் கீழ எறங்கவே மாட்டாங்க."

"சின்னது பையன் சார்."

சடை பின்னியிருந்த பையன் அவரை முறைத்தான்.

"சரி, இந்த ரெண்டாவது கப்பல்? பொம்மை சினிமாகூட உண்டு."

"வேணாம் சார்." அவள் மூன்றாவது படத்தைத் தொட்டாள். "இதுதான் வேணும்."

"இது பழைய கப்பலும்மா. ஒரு ஊஞ்சல்கூட இல்ல. பசங்களுக்கு பேஜாரா இருக்கும்."

"பரவால்ல சார். இதுல சமையக்கட்டு ஆளுங்க மேல வந்து நம்மகூட உட்காரலாமா? அரை மணி நேரம் போதும்."

"எதுக்கும்மா?"

"கத்தி, ஊசி எல்லாம் எடுத்துக்கினு போக விடுவாங்களா?"

கோதண்டபாணி படங்களை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க எதுக்கும்மா கப்பலுக்குப் போறீங்க?"

"எந்தம்பி அதுலதான் பாத்திரம் கழுவறான் சார். லீவுல வர்றேன், வர்றேன்னு நாலு வருஷம் ஆயிடுச்சு." கலையரசி பையனின் சடையை எடுத்து முன்னால் போட்டாள். "மொட்டை அடிச்சி காது குத்தணும்னா தாய்மாமன் மடி வேணும். அந்த மடி அந்தக் கப்பல்லதான் இருக்குது."