பதினொரு காகிதங்கள்

"கையை நீட்டுங்கக்கா. போன தடவை எடுத்து ஆறு மாசம்கூட ஆகலையே, அதுக்குள்ள மறுபடியுமா?"

ரத்தப் பரிசோதனை நிலையத்துப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். தையல்காரிக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க அவள் இங்கே கை நீட்டுவது இது பதினோராவது முறை.

எல்லாம் புருஷன் உத்தரவு. அவன் லிஃப்ட் பொருத்துகிற மெக்கானிக். புதுக் கட்டடம் எழும்புகிற ஊருக்கெல்லாம் போய் மாதக்கணக்கில் தங்குவான். திரும்பி வந்து சில வாரம் ஆனதும், "நாளைக்கு லேபுக்குப் போய்ட்டு வந்துடு" என்பான். ஏன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். 'இல்லை' என்று முடிவு வந்ததும் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்து, பீரோவில் வைத்துப் பூட்டுவான். அன்றைக்கெல்லாம் வாயெல்லாம் பல்லாக இருப்பான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் அவளுக்கு வயிறு எரியும். அவன் ஊரில் இல்லாதபோது இவள் எவனோடோ திரிந்தாளாம். காலையில் உட்கார்ந்தால் பள்ளிச் சீருடை, பொழுது சாய்ந்தால் பித்தான், காஜா என்று குனிந்த தலை நிமிராமல் தைக்கிறவளுக்கு அதற்கு ஏது நேரம்? தையல் மெஷினைக் கேட்டால்கூடச் சாட்சி சொல்லும்.

இந்த முறை, இருமலும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அனுப்பியிருந்தான். பொறுத்தது போதும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். பீரோவிலிருந்த பழைய காகிதங்கள் பத்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பதினொன்றையும் அவன் முகத்தில் எறிந்துவிட்டு, நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். மூட்டைகூடக் கட்டியாகிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. 'இல்லை.'

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளை வாசலிலேயே நிறுத்தித் தன் அறைக்குக் கூட்டிப்போனார்.

"உங்க வீட்டுக்காரருக்கு எச்.ஐ.வி. இருக்கும்மா. பல வருஷமாவே இருந்திருக்கு. நேத்து அவர்கிட்ட சொன்னா நம்பவே மாட்டேங்கறார். உங்களைக் கேட்டாத் தெரியும்ங்கறார்."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. செய்வதையெல்லாம் செய்துவிட்டு, பழியைத் தூக்கி இவள் தலையில் போடுகிறானா? பையைத் திறந்து காகிதங்களை மேஜைமேல் கொட்டினாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் பாதுகாப்பு ஏதாவது உண்டா என்று தயங்கிக் கேட்டார். இல்லை என்று அவள் தலையாட்டினாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து மறுபடி பார்த்தார்.

"எத்தனை தடவை வந்தாலும் சிலரோட உடம்பு இந்தக் கிருமியை உள்ளேயே விடாது. ரொம்ப அபூர்வம். நீங்களும் அப்படித்தான்னு தோணுது, ரத்தத்தை அனுப்பிப் பார்க்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவர் ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தாக்கூட மாத்திரையிலேயே நல்லா இருந்திருப்பார். இப்போ கை மீறிப் போயிடுச்சு."

தப்பித்தோம் என்ற நிம்மதிகூட அவளுக்கு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. காகிதங்களை வாரிக்கொண்டு விடுவிடுவென்று அவன் கட்டிலுக்குப் போனாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவன் மேல் அத்தனையையும் வீசினாள்.

"ஊர் ஊரா மேஞ்சது நீ. சந்தேகம் என் மேலயா?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. காகிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினான். பதினொன்றும் இருக்கிறதா என்று சரிபார்த்து, அவள் பின்னாலேயே வந்து நின்ற டாக்டரம்மாவிடம் நீட்டினான்.

"இப்பவாவது நம்புங்க டாக்டர். பயம் வந்தப்பல்லாம் எனக்குப் பதிலா இவளைத்தான் அனுப்பிப் பார்த்தேன். பதினோரு தடவையும் இல்லைன்னுதானே வந்திருக்கு?"