ஓர் ஆட்டுக்கு ஒன்று

வாணலியில் இருந்த சுவரொட்டியை மாமியார் வழித்து எடுத்தாள்.

ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. ஒட்டியிருந்த வெங்காயத்தையும் சுரண்டி, மொத்தத்தையும் மகன் தட்டில் கொட்டினாள்.

"சாப்பிடு தவசி. சூடா இருக்கும்போதே சாப்பிட்ரு."

மருமகள் சோற்றுப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள்.

ஆட்டின் மண்ணீரல்தான் சுவரொட்டி. உள்ளங்கை அகலம், கறுத்த சிவப்பு. ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். ரத்தம் ஊறும் என்று அதற்கு அடித்துக்கொள்வார்கள். இந்த வீட்டில் பையன் பரீட்சைக்குப் படித்தபோது அவனுக்கு, மகள் உண்டானபோது அவளுக்கு, மற்ற ஞாயிறெல்லாம் தவசிக்கு.

இன்றைக்கு விடியும்போதே கறிக்கடைக்குப் போய், லுங்கி கட்டிய ஆண்களுக்கு நடுவே முண்டி நின்று, எடுத்து வைக்கச் சொல்லி அவள் வாங்கி வந்தது இது.

கடைக்காரர் கேட்டார். "யாருக்குக்கா? மக மறுபடி முழுகாம இருக்கா?"

"எனக்குத்தான்."

அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு வெட்டப் போனார். நாற்பத்தேழு வயதுப் பெண்பிள்ளை தனக்கென்று கேட்டு அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

இப்போதெல்லாம் மாதாமாதம் உதிரம் நிற்காமல் போகிறது. ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால் பாதிப் படியில் உட்கார வேண்டியிருக்கிறது. கண் இருட்டுகிறது. இரண்டு குடத்தை ஒரே மூச்சில் சுமந்து வந்தவள் அவள்.

பெரிய ஆசையெல்லாம் இல்லை. அந்தப் படிகளை உட்காராமல் ஏற வேண்டும்.

டாக்டரம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "ஒடம்புல ரத்தமே இல்லையேம்மா, எப்படி நடமாடுறீங்க?" என்று கேட்டபோது தவசியும் பக்கத்தில்தான் இருந்தான். தலையைத் தலையை ஆட்டினான்.

மாமியாரிடம் அவளேதான் சொன்னாள்.

"எங்களுக்கெல்லாம் போகலையா? நாங்க என்ன டாக்டர்கிட்டயா ஓடுனோம்? பேரன் எடுத்தாச்சு. இனிமே ஒனக்கு ரத்தம் ஊறி என்னடி ஆகப்போகுது?"

இன்று காலை சுவரொட்டியைத் தணலில் வாட்டித் தோலை உரிக்கும்போது, இருவருக்கும் கேட்கும்படி அவள் சொன்னாள். இது எனக்கு, டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்று.

கேட்டார்கள். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

இப்போது தவசி தட்டைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

தள்ளி வைப்பான் என்று நினைத்தாள். பாழாய்ப்போன மனசு, இன்னமும் நினைக்கிறது.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான்.

"மிளகு கொஞ்சம் தூக்கல்."

அவன் உடம்பில் ரத்தத்துக்கு என்ன பஞ்சம்? கன்னத்தைக் கிள்ளினால் தெறிக்கும். இருக்கிற ரத்தம் கொதிக்கிறது என்றுதான் தினமும் காலையில் மாத்திரை போடுகிறான்.

அடுத்த துண்டுக்குக் கை போனது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! சாப்பிடுறவன் தட்டைப் புடுங்குறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? அவன் எச்சித் தட்டுடி அது!"

எச்சில்தான். புருஷன் சாப்பிட்டு எழுந்த தட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று, கல்யாணமாகி வந்த மறுநாளே உட்காரவைத்துப் பழக்கியது இதே வாய்தான். அப்போது அந்தத் தட்டில் முருங்கைக்காய்ச் சக்கையும் சப்பிப் போட்ட எலும்பும் கிடக்கும்.

அவள் ஒரு துண்டை எடுத்துத் தின்றாள்.

மெத்தென்று இருந்தது. லேசாகக் கசந்தது. இத்தனை வருஷம் சமைத்திருக்கிறாள், ருசி இன்றைக்குத்தான் தெரிகிறது.

மாமியார் ஓயவில்லை. அவளுடைய அம்மாவை இழுத்தாள், வளர்ப்பை இழுத்தாள், பிறந்த ஊரையே இழுத்தாள்.

அவள் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தாள்.

கடைசியில் தவசிதான் அம்மாவைக் கையமர்த்தினான்.

"விடும்மா, இதுக்குப் போயி. அடுத்த வாரம் ரெண்டா வாங்கிட்டா முடிஞ்சுது."

அவளுக்கு மெல்வது நின்றுபோனது.

இரண்டு.

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். யோசிக்கக்கூட இல்லை. கடையில் ஒரே ஓர் ஆடா தொங்குகிறது? இது அவனுக்கு எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறது. அவள் பிள்ளை பெற்றுப் பச்சை உடம்போடு கிடந்தபோதும் தெரியும். போன மாதம் குளியலறையில் மயங்கி விழுந்தபோதும் தெரியும்.

மாமியாரின் அத்தனை வசவும் அவளைச் சுடவில்லை. இது சுட்டது.

விழுங்கினாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வாங்கிட்டு வாங்க. ரெண்டும் எனக்குத்தான்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.



பிறகு மாமியார், மகனுக்கு வேறு தட்டு எடுக்க உள்ளே போனாள்.