கழுதைக்காரன் பகை

“முதல்ல சார்ஜென்ட்டை ஏத்துடா” என்று கத்தினான் வில்ஃப்.

காயம்பட்டவர்களைக் கடற்கரைக்கு இறக்கும் கழுதைக்காரன் டர்கின் காதில் வாங்கவில்லை. வில்ஃபின் முழங்காலில் கட்டுப் போட்டு, அவனைத் தூக்கிக் கழுதை முதுகில் உட்கார வைத்தான்.

முதல் உலகப் போரின் கல்லிப்போலி மலைச்சரிவில் விடிந்ததிலிருந்து துருக்கியர்களின் துப்பாக்கிகள் ஓயவில்லை. அடிபட்டு விழுந்த வில்ஃபை இழுத்துவரப் போய்த்தான் சார்ஜென்ட் பாஸ்கோ வயிற்றில் குண்டு வாங்கியிருந்தார்.

“தண்ணி குடுடா” என்றார் பாஸ்கோ.

“மாட்டேன். வயித்துல பட்டா ஒரு சொட்டுகூடக் கூடாது, டாக்டர் உத்தரவு. கழுதையும் ஆகாது, குலுங்கினா குடல் வெளியே வந்துடும். ஸ்ட்ரெச்சர் அனுப்பறேன், படுங்க.”

“பழி வாங்கறியா? கழுதைக்கு நீ பிஸ்கட் திருடினதா உன்னை மாட்டி விட்டேனே, அதுக்கா?”

“மூணு நாள் வெயில்ல கக்கூஸ் குழி வெட்ட வச்சீங்க. மறப்பேனா?”

டர்கின் அவர் முதுகுக்கு அடியில் கையை விட்டுத் தடவினான். மணிக்கட்டு வரை ரத்தம் தோய்ந்து வந்த கையை மண்ணில் துடைத்தான்.

பிறகு என்ன நினைத்தானோ, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயில் வைத்தான். பாஸ்கோ மடக் மடக்கென்று குடித்து முடித்தார்.

“இப்பவாச்சும் மனசு இறங்குச்சே” என்றான் வில்ஃப். “ஸ்ட்ரெச்சர் மட்டும் வரலே, உன்னைச் சும்மா விட மாட்டேன்.”

“வாயை மூடு. இல்லே, இறங்கி நடந்து வா.”

கடற்கரைக் கூடாரத்தில் டாக்டரைக் கண்டதுமே வில்ஃப் கொட்டித் தீர்த்தான்.

“சார், என்னைக் காப்பாத்தின சார்ஜென்ட் மேலே கிடக்கார். இந்த ஆளு பழைய பகையை வச்சுக்கிட்டு விட்டுட்டு வந்துட்டான்.”

அதைக் கேட்டதும் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

“இருங்க” என்ற டாக்டர், டர்கினிடம் திரும்பினார். “வயிறா?”

“ஆமா சார்.”

“தண்ணி கேட்டாரா?”

“குடுத்துட்டேன்.”

“எவ்வளவு?”

“பாட்டில் முழுக்க.”

டாக்டர் அவன் தோளில் கை வைத்தார். அப்படியே வாசல் பக்கம் பார்த்துச் சொன்னார்.

“ஸ்ட்ரெச்சரைக் கீழே வைங்கப்பா.”